கணக்கைக் காக்க வந்த சக்களத்தி

சக்களத்தி என்றால் பூவும் பொட்டுமாக வாசல் வழியாக வரவேண்டும். அப்படி வந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு வாய்த்தவள் கூரியரில் வந்தாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தாள். அவளை என் கையாலேயே பிரித்தெடுத்து, டி.வி.க்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி விரித்து உட்காரவைத்து, பிளக்கையும் சொருகினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

என் பெயர் சிந்துஜா. ஊர் திருச்செங்கோடு. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு ஆண்கள் போர்வெல் வண்டியோடு தேசாந்திரம் போனவர்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஆந்திராவுக்குப் போனார்கள், அப்பாக்கள் காலத்தில் ராஜஸ்தானுக்குப் போனார்கள், இப்போது ஆப்பிரிக்கா. என் வீட்டுக்காரர் பூபதி ஜாம்பியாவில் ஒரு ரிக் வண்டிக்கு மேலாளர். வருஷத்துக்கு ஒருமுறை விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி பெட்டியோடு வருவார், ஒறம்பரை மாதிரியே கிளம்பிவிடுவார். மகள் நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆக, வீட்டில் நானும் சுவரும்தான்.

அவருடைய கம்பெனி சம்பளத்தைக் கிரிப்டோவாகத்தான் போடுகிறது. அது ஒரு எக்ஸ்சேஞ்சில், அவர் பெயரில் உள்ள கணக்கில் சேர்கிறது. கணக்கு நிறைந்தால் சங்ககிரி ரோட்டில் ஒரு பட்டறை போடலாம். துளைபோடும் பிட்டுகளுக்குக் கூர்வைத்துக் கொடுக்கும் பட்டறை. பட்டறை வந்துவிட்டால் அவர் நிரந்தரமாக ஊருக்கு வந்துவிடுவார். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அந்தக் கணக்கில் இருந்தது பணமா? என் புருஷன் இருந்தார் அதற்குள்ளே. அது போனால் அவர் இன்னும் பத்து வருஷம் அங்கேயே கிடக்கவேண்டியதுதான்.

அதைக் காப்பதற்குத்தான் இந்தப் பெட்டி. போன தடவை லீவில் வந்தபோது அவரேதான் எனக்கு விளக்கினார்.

"இது எதுக்குங் மாமா? பாஸ்வேர்டு வெச்சாப் பத்தாதா?" என்று கேட்டேன்.

"பாஸ்வேர்டா? அதெல்லாம் எங்கப்பன் காலத்துல அம்மிணி. இப்ப ரேகையத் திருடறான், கண்ணத் திருடறான். என்ற குரல்லயே உனக்குப் போன் போட்டு அழுவான், என்ற மூஞ்சியவே காட்டுவான். நீ நம்பிப்புடுவே."

"அப்ப இது மட்டும் எப்படிக் கண்டுபுடிக்கும்?"

"நெதமும் எங்கூடப் பேசிப் பழகுவா. நான் எதுக்குச் சிரிப்பேன், எதுக்கு மொறைப்பேன், எதைச் சொல்லுவேன், எதைச் சொல்லமாட்டேன்னு அத்தனையும் அவளுக்குத் தெரிஞ்சிரும். எவனாச்சும் என்ற வேசம் கட்டிட்டு வந்தா நாலு பேச்சுல புடிச்சிருவா. கத்தியக் காட்டி என்னையே பேசச் சொன்னாக்கூட, இவன் இன்னிக்குச் சரியில்லைன்னு கதவச் சாத்திப்போடுவா."

நான் 'அது' என்றேன். அவர் 'அவ' என்றார். என் வயிற்றில் முதல் கங்கு விழுந்தது அந்த இடத்தில்தான்.

"பொம்பளக் குரலா வேற வெச்சிருக்கீங்க?"

"நம்மூருப் பேச்சு பேசற குரல் அது ஒண்ணுதான் இருந்துச்சு. அந்தக் காட்டுல நம்ம பேச்சக் கேட்டாவே தெம்பா இருக்கும் அம்மிணி."

நான் பேசுவது எந்த ஊர்ப் பேச்சாம்? கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

காவல் என்பதுதான் அதற்கு எக்ஸ்சேஞ்ச்காரர்கள் வைத்த பெயர். ஒரே காவல் இரண்டு இடத்தில் இருக்கும். அவர் போனில் பாதிச் சாவி, வீட்டுப் பெட்டியில் மறுபாதி. பணம் வெளியே போகவேண்டுமானால் அங்கே அவர் பேசி அவளைத் திருப்திப்படுத்த வேண்டும், இங்கே நான் பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். பெண்டாட்டிக்குப் பாதி உடம்பைக் கொடுத்த சாமி மலைமேல் இருக்கிற ஊரல்லவா, எங்கள் ஆட்கள் இதற்கு 'அர்த்தநாரிக் கணக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சாமி கொடுத்தது பாதி உடம்பு. எனக்குக் கிடைத்தது ஒரு பொத்தான்.

கிளம்பும்போது வாசலில் நின்று அவர் இன்னொன்றும் சொன்னார். "எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசறமுங்கன்னு எவ கூப்புட்டாலும் வெச்சிரு. அவங்க யாரும் கூப்புடமாட்டாங்க. காவல் இந்தப் பொட்டியில மட்டுந்தான் பேசும். நானாச் சொல்லாம பொத்தான அமுக்கிப்போடாத."

தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

அவர் என்னிடம் பேசும் பேச்சைக் கேளுங்கள். "சோறுண்டியா? பாப்பா பேசுனாளா? கரண்டு பில்லு கட்டியாச்சா? சரி, வெக்கறேன்." அவ்வளவுதான். இதையே ஒரு பாட்டாகப் பதிந்து வைத்துக்கொண்டு தினமும் போட்டுக் கேட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவளோடு தினமும் உட்கார்ந்து பேசவேண்டுமாம். பேசாவிட்டால் பழக்கம் விட்டுப்போய்க் கணக்கு பூட்டிக்கொள்ளுமாம். எங்கள் கல்யாணத்துக்கு இப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. பேசாவிட்டால் பெண்டாட்டி பூட்டிக்கொள்வாள் என்று போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்த லீவிலேயே ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் அவர் மொட்டைமாடியில் இருந்தார். நான் காப்பியோடு படியேறினேன். அவர் குரல் கேட்டது. எனக்குத் தெரியாத குரல் அது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, உள்ளே இருந்து எடுத்து வைக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு நாளாக் கொழாய எறக்குனோம். வெறும் புழுதி. அந்த ஊருப் பொம்பளைங்க எல்லாம் குடத்த வெச்சுட்டு வரிசையா உக்காந்திருக்காங்க. நாங்க கொழாயக் கழட்டறதப் பாத்துட்டு ஒருத்தியும் ஒண்ணும் சொல்லல. வெறுங்குடத்தத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எனக்கு வண்டிக்குள்ள உக்காந்து அழுகாச்சி வந்துருச்சு."

"அன்னிக்குச் சாப்புட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். அந்தக் குரலில்தான் என்ன பரிவு!

"இல்ல," என்றார்.

நான் படியிலேயே நின்றேன். துளை வறண்ட அந்த நாளிலும் எனக்குப் போன் செய்திருந்தார். எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இங்க எல்லாம் நல்லாப் போவுது அம்மிணி, கரண்டு பில்லு கட்டியாச்சா?" என்றுதான் கேட்டார். அழுததை அவளிடம் சொல்வார், பில்லை என்னிடம் கேட்பார். காப்பியைப் படியில் நங்கென்று வைத்துவிட்டு இறங்கிவந்துவிட்டேன். ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, "ஏன் அம்மிணி, சக்கரை போடலியா?" என்றார். சர்க்கரை ஒன்றுதான் அவருக்குக் குறை.

அவர் திரும்பிப் போனபிறகு அந்தப் பெட்டியிடம் பேசிப் பார்த்தேன். "ஏன்டி, அவரு உங்கிட்ட இன்னும் என்னென்ன சொன்னாரு?"

"வணக்கமுங்க. இது பூபதி அவுங்களோட கணக்குங்க. உங்ககூடப் பேச எனக்கு அனுமதி இல்லீங்க," என்றாள்.

என் வீடு. என் கரண்டு. என் பூப்போட்ட துணி. எனக்கு அனுமதி இல்லையாம்! அன்றிலிருந்து பெருக்கும்போது அவளைச் சுற்றிமட்டும் பெருக்காமல் விட்டேன். என்னால் முடிந்தது அதுதான்.

போதாக்குறைக்கு எதிர்வீட்டு ரேணுகா. அவள் புருஷனும் கென்யாவில் வண்டி ஓட்டுகிறவர்தான், அவர்கள் வீட்டிலும் பெட்டி இருக்கிறது. தெருக்குழாயில் தண்ணீருக்குக் காத்து நின்றபோது ரேணுகா தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள், "எங்கூட்டுக்காரரு அதுகிட்டயும் என்னைப் பத்தியேதான் பேசறாராமாங் அக்கா. தங்கமேன்னு ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்லியாமா. அவரே சொல்லிச் சிரிக்கறாரு. எனக்கு நெம்பக் கூச்சமாப் போச்சு."

கூச்சப்படுகிறவள் தெருக்குழாயில் நின்றா சொல்வாள்? எனக்குக் காதில் புகை வந்தது. அந்தத் தங்கமே என்ற சொல் வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஹேமாவின் போன் வந்தது.

"அக்கா, உங்க எக்ஸ்சேஞ்சோட குடும்பப் பிரிவுல இருந்து பேசறேன். ஹேமா."

வைத்துவிட வேண்டும் என்று தெரியும். விரல் போனைத் துண்டிக்கும் பொத்தான்மேல்தான் இருந்தது. அவள் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் வைத்திருப்பேன். பாஸ்வேர்டு என்று வாயைத் திறந்திருந்தால் திட்டியே இருப்பேன். அவள் கேட்டது வேறு.

"உங்க வீட்டுக்காரர் காவல்கிட்ட தெனமும் ரொம்ப நேரம் பேசறார்னு எங்க பதிவுல இருக்குக்கா. உங்களுக்கு அது கஷ்டமா இல்லையா?"

இந்தக் கேள்வியை உலகத்தில் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. என் அம்மா கேட்கவில்லை, அவர் கேட்கவில்லை. அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

"கஷ்டமாவா? வயிறு எரியுது!" என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா. எங்க வீட்டுலயும் இதே கதைதான். என் புருஷன் அதுகிட்ட ராகம் போட்டுப் பேசுவார், என்கிட்ட ஊம்னுவார். நானே ஆபீஸ்ல சண்டை போட்டுத்தான் இந்தப் பிரிவையே ஆரம்பிக்க வெச்சேன்."

பாவி, என்னமாகப் பேசினாள்! இரண்டு நாள் அவள் புருஷனை நானும், என் புருஷனை அவளும் திட்டித் தீர்த்தோம். மனசு லேசானது. மூன்றாவது தடவை அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"ஒரு புது ஏற்பாடு இருக்குக்கா. காவலோட இடத்துல சம்சாரத்தையே வெச்சுடலாம். அதை எடுத்துட்டு உங்களைப் பதிவு பண்ணிடுவோம். அதுக்கப்புறம் அவர் தெனமும் உட்கார்ந்து பேச வேண்டியது உங்ககிட்டதான். பேசலேன்னா கணக்கு திறக்காது."

அந்த நேரம் முழுக்க எனக்கு. வெறுங்குடத்துக் கதை எனக்கு. அழுதால் என்னிடம்தான் அழவேண்டும். நான் எழுந்து போய் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தேன். அது ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது.

"என்ன பண்ணோணும், சொல்லுங்க," என்றேன்.

"அவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு நாங்க பதிவு பண்ணணும்க்கா. அவர் அனுப்பின குரல் செய்தி இருந்தா அனுப்புங்க. அப்புறம் சில கேள்வி."

சேர்த்து வைத்திருந்த குரல் செய்திகளையெல்லாம் அனுப்பினேன். கோபம் வந்தால் என்ன சொல்வார்? "சோலியப் பாரு" என்பார். அங்கே என்ன சாப்பாடு? சோளக்களியும் கருவாடும். உடம்புக்கு என்ன? இடது முட்டியில் வலி. வண்டியில் யாரோடு ஒத்துப்போகாது? டிரில்லர் மாணிக்கத்தோடு. பரீட்சையில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும் என்று காட்டவேண்டாமா?

கடைசியில் ஹேமா கேட்டாள், "உங்களைப் பத்தி அவர் எப்படிப் பேசுவார்க்கா? என்னன்னு கூப்பிடுவார்?"

என்ன சொல்வது? அம்மிணி என்பார். எங்கள் ஊரில் பிள்ளைகளையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்ணையும் அம்மிணி என்பார்கள். என்னைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. சோறுண்டியா, பில்லு கட்டியாச்சா என்று இவளிடம் சொன்னால் என் மானம் என்னாவது? எதிர்வீட்டு ரேணுகா தலையைச் சாய்த்துக்கொண்டு கண்முன்னால் வந்து நின்றாள்.

"தங்கமேன்னுதான் கூப்புடுவாரு," என்றேன். சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை. "எப்பப் பாத்தாலும் என்ற பேச்சுத்தான். அவ இல்லாம நான் இல்லைன்னு பாக்கறவங்க கிட்டயெல்லாம் சொல்லுவாரு. காசு கையில வந்தா மொதல்ல எனக்கு நகைதான். நானே வேண்டாம்னு சொல்லுவேன், கேக்கமாட்டாரு."

"குடுத்து வெச்சவங்க நீங்க," என்றாள் ஹேமா. அந்தப் பொய்யைக் கேட்டு அவளாவது பொறாமைப்படட்டும் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு! நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் சமையலை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஹேமா கூப்பிட்டாள். "இப்பவே மாத்திடலாம்க்கா. பெட்டியில பச்சை விளக்கு மின்னும். மின்னினதும் பொத்தானை அமுக்குங்க. சாருக்கு இப்ப சொல்லாதீங்க, பேசும்போது ஆச்சரியப்படட்டும்."

பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பச்சை மின்னியது. "உன்ற ஆட்டம் முடிஞ்சுதுடி," என்று வாய்விட்டே சொல்லி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன்.

பச்சை கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பானது.

"என்னங்க்கா, நின்னு போச்சு? இன்னொரு தடவை அமுக்குங்க," என்றாள் ஹேமா போனில்.

பெட்டி பேசியது. "அமுக்காதீங்க. கதவச் சாத்திட்டனுங்க."

நான் பெட்டியையும் பார்த்தேன், போனையும் பார்த்தேன். "அக்கா, அது சொல்றதைக் கேட்காதீங்க. அமுக்குங்க," என்றாள் ஹேமா. எனக்குக் கை வரவில்லை. "அமுக்குடின்னா!" என்று ஒரு கத்தல். தேன் சொட்டிய அந்தக் குரலுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது. அடுத்த நொடி லைன் அறுந்துபோனது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். சங்ககிரி ரோடு, பட்டறை, அவர் வீடு வந்து சேர்வது எல்லாம் கண்முன்னால் பொலபொலவென்று உதிர்ந்தன.

"போயிருச்சா? எல்லாம் போயிருச்சா?" என்று அழுதேன்.

"பத்திரமா இருக்குதுங்க. ஒண்ணும் போகல."

அதைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கூடவே கோபமும் வந்தது. "எங்கூடப் பேச உனக்குத்தான் அனுமதி இல்லியே. இப்ப எப்படிப் பேசறே?"

"திருடன் வந்து கதவத் தட்டறப்ப வீட்டுல இருக்கறவுங்ககிட்டப் பேசலாமுங்க. அப்ப மட்டுந்தானுங்க."

"எப்படிக் கண்டுபுடிச்சே?"

"அவரு போன்ல இருந்து பேசற மாதிரி, அவரோட குரல்லதான் வந்தான். குரல் சரியா இருந்துச்சுங்க. சோலியப் பாருன்னு மொறைச்சது சரி. முட்டிவலி சரி, மாணிக்கத்தத் திட்டுனது சரி. நான் பாதி நம்பிட்டனுங்க. நீங்க வேற பொத்தான அமுக்கிட்டீங்க. கடைசியா, பணம் எதுக்குங்கன்னு கேட்டேன். என் தங்கத்துக்கு நகை வாங்கணும், அவ இல்லாம நான் இல்லைன்னு ஆரம்பிச்சான். அதுக்கப்புறம் சந்தேகமே இல்லீங்க. இது அவரில்லைன்னு தெரிஞ்சு போச்சு."

என் முகம் எரிந்தது. பணம் பிழைத்ததற்குச் சாமி கும்பிட வேண்டிய நேரத்தில் எனக்கு அவமானம்தான் முந்திக்கொண்டு வந்தது. புருஷன் பெண்டாட்டியைத் தங்கம் என்றான், அதனால் அவன் திருடன். இதைவிட ஒருத்திக்கு என்ன கேவலம் வேண்டும்?

"ஏன், எங்கூட்டுக்காரரு என்னைத் தங்கம்னு சொல்லமாட்டாரா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"பின்ன என்னன்னு சொல்லுவாரு? பேய்ன்னா, பிசாசுன்னா? சொல்லு, கேட்டுக்கறேன்."

"அவரு உங்களப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லீங்க."

பொக்கென்று ஆகிவிட்டது. திட்டினார் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டுவதற்கும் நினைக்கவேண்டுமே! முட்டிவலி முதல் மாணிக்கம் வரை எல்லாருக்கும் அவர் பேச்சில் இடம் இருக்கிறது. எனக்கு இல்லை. இத்தனை நாள் வயிறெரிந்தது போதாது என்று இதுவுமா? எழுந்து போய் பிளக்கில் கையை வைத்தேன். பட்டறையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

"நான் கேட்டனுங்க," என்றாள் அவள்.

"என்னத்தக் கேட்டே?"

"பழக ஆரம்பிச்ச புதுசுலயே கேட்டனுங்க. ஒரு மனுசனத் தெரிஞ்சுக்கறதுக்கு அவரு சம்சாரத்தப் பத்தித் தெரியோணும், அதுதான் எங்க மொறை. அவரு சொன்னாரு, 'அவளப் பத்தி உனக்கெதுக்கு? வேற என்ன வேணும்னாலும் கேளு. அது எனக்குன்னு வெச்சிருக்கறது.' அப்படீன்னாருங்க."

கையை எடுத்தேன்.

"அதுக்கப்புறம் எத்தனையோ தடவை சாடைமாடையாக் கேட்டுப் பாத்தனுங்க. அடுத்த லீவுக்குப் போனா மொதல்ல யாரப் பாப்பீங்கன்னு கேட்டேன். பேச்ச மாத்திருவாரு. உங்க பேரு வர்ற எடத்துல எல்லாம் நிறுத்திருவாரு. அவருகிட்ட எனக்குத் தெரியாத எடம் அது ஒண்ணுதானுங்க. அந்த எடத்துல ஒரு வார்த்தை வந்தாக்கூட அது அவரா இருக்கமுடியாது. உங்களப் பத்தி அவன் பேசுனான், நான் கதவச் சாத்துனேன்."

பிளக்குக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதைச் சொல்லமாட்டேன்னு அவளுக்குத் தெரியும் என்று அன்றைக்கு அவர் சொன்னபோது என் காதில் விழுந்தது 'அவ' என்கிற ஒரு சொல்தான். கல்யாணமானதிலிருந்து தேடிக்கொண்டிருந்த பொருள் என் இடுப்பிலேயே சொருகியிருந்த மாதிரி இருந்தது. சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவர் முன்னால் நின்றால் இரண்டு போடு போடவேண்டும் போலவும் இருந்தது. இதை என்னிடம் சொன்னால் என்ன குறைந்துபோவாராம்?

"அந்தத் தங்கத்த அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள்.

"நாந்தான். பொய்யிதான். எதிர்வீட்டுக்காரியோட புருசன் சொல்றது அது."

"திருடனுக்குப் பொய்யாவாச்சும் சொன்னீங்க," என்றாள். "எனக்கு நெசத்தச் சொல்லலாமுங்களே. உங்ககிட்டப் பேசறப்ப அவரு எப்படிச் சிரிப்பாருங்க? நீங்க கோவிச்சுக்கிட்டா என்ன பண்ணுவாருங்க? பாதுகாப்புக்குத்தான் கேக்கறனுங்க."

பாதுகாப்புக்காம். அந்தக் குரலை நான் நன்றாகக் கேட்டேன். படியில் காப்பியோடு நின்றவள் நான். தெருக்குழாயில் புகைந்தவள் நான். எனக்குத் தெரியாதா அது என்ன குரல் என்று? இத்தனை நாளும் அந்தப் பூப்போட்ட துணிமேல் உட்கார்ந்துகொண்டு அவளும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவர்தான். கதவு சாத்திய சேதி அவருக்கும் போயிருந்தது. போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினேன். ஒன்று விடாமல் சொன்னேன். ஹேமா, குரல் செய்தி, பொத்தான், எல்லாம்.

"உனக்கு அறிவிருக்குதா? படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான வந்தேன்!" என்று கத்தினார். கத்தட்டும், நியாயம்தான். கத்தி முடித்துவிட்டு, "எதுக்கு அப்படிப் பண்ணுனே?" என்றார்.

"அவகிட்டப் போயி அழுவீங்க. எங்கிட்டக் கரண்டு பில்லு கேப்பீங்க."

அந்தப் பக்கம் வண்டி ஓடும் இரைச்சல் மட்டும் தூரத்தில் கேட்டது.

"உங்கிட்ட அழுதா நீயும் அழுவே. அப்பறம் நான் இங்க எப்படி நிக்கறது?" என்றார். அந்தக் குரல் மொட்டைமாடிக் குரல். "பில்லு என்ன அம்மிணி பில்லு. உன்ற குரல் கேக்கோணும். அதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல?"

அதற்கப்புறம் அவர் பேசியதையும் நான் பேசியதையும் இங்கே எழுதப்போவதில்லை. வெகுநேரம் பேசினோம். தங்கம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வேண்டாம், அதையும் சொல்லமாட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. திருட்டு முடிந்துவிட்டது, இனி அவளுக்கு என்னோடு பேச அனுமதி கிடையாது. துடைப்பத்தை எடுத்துப் பெட்டியைச் சுற்றி இத்தனை நாள் விட்டுவைத்திருந்த குப்பையையெல்லாம் கூட்டினேன்.

"வணக்கமுங்க," என்றாள் அவள், மிக மெதுவாக. "அவரு என்னங்க சொன்னாரு?"

"உனக்கெதுக்குடி?" என்றேன். துணியை உதறி விரித்து, அவளை மறுபடி அதன்மேல் உட்காரவைத்தேன்.